பாட்மேனும் பதினாறு வயதுப் பையன்களும்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு டி.வி.யில் 'தி டார்க் நைட் ரைசஸ்' ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பார்க்கிறேன். பக்கத்தில் அண்ணன் மகன். ஒரு காட்சியில் நான் வாயைத் திறந்ததுமே, "சித்தப்பா, இது சூப்பர் ஹீரோ படம். லாஜிக் எல்லாம் கேக்கக் கூடாது" என்று அடக்கிவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் கேட்கக் கூடாது?

வேறு படமென்றால் விட்டுவிடலாம். பறக்கிறவனைப் பார்த்து எப்படிப் பறக்கிறாய் என்று கேட்பவன் முட்டாள். ஆனால் கிறிஸ்டோபர் நோலன் நம்மை அப்படியா வளர்த்தார்? 2005ல் வந்த 'பாட்மேன் பிகின்ஸ்' ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு முகமூடி வாங்கினால் சந்தேகம் வரும் என்று பத்தாயிரமாக மொத்த ஆர்டர் கொடுப்பார்கள். வண்டி எங்கிருந்து வந்தது, உடை எதற்காகச் செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் பில்லும் வவுச்சரும் காட்டினார் மனிதர். முதல் வருஷம் அப்படிக் கணக்குக் காட்டிப் பழக்கியவர், மூன்றாவது வருஷம் வந்து 'நோட்டுப் புத்தகம் தொலைந்துவிட்டது' என்றால் ஒப்புக்கொள்ள முடியுமா?

நான் பி.காம். படித்தவன். முதலில் வரவைச் சொல்லிவிடுகிறேன்.

வரவு நிறையவே இருக்கிறது. நடுவானில் ஒரு விமானம் இன்னொரு விமானத்தைக் கொத்தித் தூக்கும் ஆரம்பக் காட்சி. முகத்தில் பாதியை மூடிக்கொண்டு வெறும் கண்ணாலும் தோளாலும் பயமுறுத்தும் டாம் ஹார்டி. பாட்மேனின் முதுகை அவர் உடைக்கும் அந்தச் சண்டையில் பின்னணி இசை கிடையாது. அடி விழும் சத்தமும் தண்ணீர் கொட்டும் சத்தமும்தான். ஆன் ஹாத்வே வரும் இடமெல்லாம் படத்துக்கு உயிர் வருகிறது. மைக்கேல் கெய்ன் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போகும் காட்சியில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. கயிறு கட்டிக்கொண்டு ஏறினால் தோற்பாய், கயிறில்லாமல் சாவுக்குப் பயந்து ஏறு, ஜெயிப்பாய் என்கிற கிணற்றுச் சிறை ஒன்று போதும், டிக்கெட் காசுக்கு.

இனி பற்று.

பங்குச் சந்தைக்குள் துப்பாக்கியோடு ஒரு கும்பல் நுழைகிறது. திருடிய கைரேகையை வைத்துப் புரூஸ் வேய்ன் பெயரில் ஊக வணிகம் செய்கிறது. மறுநாள் வேய்ன் ஓட்டாண்டி! மோசடியை நிரூபிக்க நாளாகும், இப்போதைக்குக் கையில் காசில்லை என்கிறார் அவருடைய ஆள். கரன்ட்டைக்கூடக் கட் பண்ணிவிடுகிறார்கள். ஐயா, ஊரே டி.வி.யில் பார்த்த கொள்ளை அது. அந்த நேரத்தில் நடந்த வியாபாரத்தை எந்தச் சந்தை ஒப்புக்கொள்ளும்? 2010 மே 6ம் தேதி அமெரிக்கச் சந்தை சில நிமிஷங்களில் தாறுமாறாகச் சரிந்தது. துப்பாக்கியும் இல்லை, முகமூடியும் இல்லை. அதற்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைச் செல்லாது என்று ரத்து செய்தார்கள்.

கும்பல் உள்ளே நுழையும்போது பகல், மோட்டார் சைக்கிளில் தப்பும்போது இரவு என்பதையோ, மாதக்கணக்கில் சுரங்கத்தில் கிடந்த போலீஸ்காரர்கள் அப்போதுதான் ஷேவ் பண்ணிய மாதிரி வெளியே வருவதையோ நான் பெரிதுபடுத்தவில்லை. அதெல்லாம் சில்லறை. பெரிய நஷ்டம் வேறு இடத்தில்.

படத்தின் முதல் பகுதியில் ஒரு சின்னக் காட்சி. அநாதை இல்லத்துப் பையன் ஒருவன் செத்துக் கிடக்கிறான். விசாரித்தால், பதினாறு வயதானதும் பையன்களை இல்லத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் பாதாளச் சாக்கடைக்குள் வேலை தேடிப் போகிறார்கள். சாக்கடையில் என்ன வேலை? மேலே கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கிறதாம்! கீழே முதலாளி யார்? வில்லன் பேன். இல்லத்துக்குப் பணம் ஏன் நின்றது? வேய்ன் கம்பெனியின் லாபத்திலிருந்துதான் அறக்கட்டளைக்குப் பணம் வரும். அவர் கோடிகளைக் கொட்டி ஓர் அணு உலை கட்டி, ஆபத்து என்று பயந்து, பூட்டிவைத்துவிட்டார். லாபம் இல்லை; தர்மமும் இல்லை.

எப்பேர்ப்பட்ட விஷயம் பாருங்கள்! கதாநாயகன் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்ததால்தான் வில்லனுக்குப் படை கிடைத்தது. 2008 சரிவில் வேலையும் வீடும் இழந்தவர்கள் பார்க்கப்போகும் படத்தில் இதைத் துணிந்து வைத்தார் நோலன். வைத்துவிட்டு மறந்துவிட்டார்.

பேன் நகரத்தைப் பிடிக்கிறான், 'ஊர் இனி உங்களுடையது' என்கிறான். சரி, ஊர்க்காரர்கள் எங்கே? பணக்காரர்களை வீட்டிலிருந்து இழுத்துப் போடும் கூட்டம் வருகிறது. பைத்தியக்காரன் நீதிபதியாக உட்கார்ந்த கோர்ட் வருகிறது. அதற்குப் பிறகு காலி ரோடு, பனி. மாதக்கணக்கில் அந்த ஊரில் அரிசி விலை என்ன, யார் யாருக்குச் சோறு போட்டார்கள், பேனை நம்பினவன் என்ன நினைத்தான், ஒன்றும் கிடையாது. சாக்கடைக்குப் போன பையன்களில் ஒருத்தன் முகம்கூடக் கிடையாது. எப்படியும் குண்டு வெடிக்கத்தான் போகிறது என்றானபின் அந்தப் புரட்சியே பொய்.

டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை'தான் தங்களுக்குத் தூண்டுதல் என்று நோலன் சகோதரர்கள் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் டிக்கன்ஸ் கில்லட்டினைக் காட்டும் முன்னால் பசியைக் காட்டினார். தெருவில் உடைந்த பீப்பாயிலிருந்து வழிந்த மதுவை ஜனங்கள் மண்ணோடு சேர்த்து அள்ளிக் குடிப்பதைக் காட்டினார். பிரபுவின் வண்டியில் குழந்தை அடிபட்டுச் சாவதைக் காட்டினார். அப்புறம்தான் கத்தி. நோலன் பசியை ஒரே காட்சியில் முடித்துவிட்டு நேராகக் கத்திக்குப் போய்விடுகிறார். அப்போது ஏழையின் கோபம் நமக்கு வெறும் வெறியாகத்தான் தெரியும்.

முடியாதவர் என்றால் விட்டுவிடலாம். 2008ல் 'தி டார்க் நைட்'டில் செய்து காட்டியவர்! இரண்டு படகு. ஒன்றில் ஊர்ஜனம், இன்னொன்றில் கைதிகள். எதிர்ப் படகை வெடிக்கவைக்கும் கருவி இவர்கள் கையில். யாரும் வெடிக்கவில்லை. முரட்டுக் கைதி ஒருவன் கருவியை வாங்கி ஜன்னல் வழியே தண்ணீரில் எறிகிறான். பாட்மேன் அங்கே இல்லை. சாதாரண மனிதர்களே ஜோக்கரைத் தோற்கடித்தார்கள். அடுத்த படத்திலேயே அந்த மனிதர்கள் மாயம். ஊரைக் காப்பாற்ற ஒரு கோடீஸ்வரரும் போலீஸும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் என்ன ஆகிறது? செத்ததாக நம்பப்படும் வேய்னின் மாளிகை அநாதைக் குழந்தைகள் இல்லமாகிறது. அவர் இத்தாலியில் காபி குடிக்கிறார். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன்கள் வீடு இல்லாமலா சாக்கடைக்குப் போனார்கள்? வேலை இல்லாமல் போனார்கள். மாளிகைப் பையனுக்கும் ஒருநாள் பதினாறு வயது முடியும்.

இவ்வளவையும் அண்ணன் மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"ஆமா, அந்தப் பசங்க அப்புறம் என்ன ஆனாங்க சித்தப்பா?" என்றான்.

லாஜிக் கேட்கக் கூடாதுடா என்றேன்.