இரயில் வரைபடமும் ஒரு பாடநூலே



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளை முடித்துவிட்டு, தோட்டப்புறங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் பலர் மேற்கல்விக்காகக் கோலாலம்பூருக்கும் அதன் சுற்றுவட்டாரத்திற்கும் வருகின்றனர். வாளி, தலையணை, மடிக்கணினி என எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், கூடவே ஓர் அறிவுரையையும் கொடுத்தனுப்புகின்றனர்: "எங்கும் சுற்றாதே, விடுதி உண்டு, வகுப்பு உண்டு என்று இரு." இவ்வறிவுரை பாசத்தில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது பிள்ளையின் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டையாகிறது என்பதே என் கருத்து.

பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து இரண்டாம் ஆண்டு பயிலும் முன்னாள் மாணவர் ஒருவரிடம், தலைநகரில் எவ்விடங்களைப் பார்த்தாய் என்று வினவினேன். விடுதி, அதன் அருகிலுள்ள பேரங்காடி, ஊருக்குச் செல்லும் பேருந்து நிலையம் ஆகிய மூன்றை மட்டுமே அவரால் கூற முடிந்தது. இவர் படிப்பில் சோடைபோனவர் அல்லர். ஆனால், தொழிற்பயிற்சிக்கும் நேர்முகத் தேர்வுக்கும் நகரின் மறுகோடிக்கு அழைக்கப்படும்போது இவர் என்ன செய்வார்? "அவ்வளவு தூரமா?" என்று தயங்கி நல்ல வாய்ப்பை நழுவவிடக் கூடும். வழி தெரியாமை காலப்போக்கில் தன்னம்பிக்கைக் குறைவாக மாறிவிடுகிறது.

தலைநகரைச் சுற்றிப் பார்க்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மலேசியக் குடிமக்கள் மாதம் 50 வெள்ளிக்கு ஒரு பயண அட்டையைப் பெறலாம். அதைக் கொண்டு எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரெப்பிட் கேஎல் பேருந்துகள் ஆகியவற்றில் 30 நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். 1996-இல் ஒரே ஓர் எல்.ஆர்.டி. தடத்தோடு தொடங்கிய இவ்வமைப்பு இன்று பன்மடங்கு விரிந்துள்ளது. காஜாங் எம்.ஆர்.டி. தடம் 2017-இலும், புத்ராஜெயா தடம் 2023-இலும் முழுமையாகத் திறக்கப்பட்டன.

ஒரு சனிக்கிழமை போதும். கேஎல் சென்ட்ரலில் இறங்கினால், அருகிலேயே இரயில்வே தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றி வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ். அங்கிருந்து கிளானா ஜெயா தடத்தில் ஒரு நிலையம் கடந்தால் பசார் செனி; சிறிது தூரம் நடந்தால் 1873-இல் தோற்றுவிக்கப்பட்ட மகா மாரியம்மன் ஆலயம். அடுத்த நிலையம் மஸ்ஜிட் ஜாமேக். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் 1909-இல் கட்டப்பட்ட பள்ளிவாசல். கோலாலம்பூர் நகரம் பிறந்ததும் அவ்விடத்திலேதான். இன்னும் மூன்று நிலையங்கள் சென்றால் இரட்டைக் கோபுரம். வரலாற்று நூலில் மனனம் செய்தவை யாவும் ஐந்து நிலையங்களுக்குள் கண்முன் விரிகின்றன!

"பாதுகாப்பு?" என்று பெற்றோர் கேட்பர், நியாயமான கேள்வியே. பிள்ளைக்குப் போக்குவரத்து வசதி வேண்டுமென்று கடன்பட்டேனும் மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆனால், நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அப்படியிருக்க, இரயிலைக் கண்டு அஞ்சுவது முறையாகுமா? மகனுக்கு மோட்டார் சைக்கிளும் மகளுக்கு நான்கு சுவரும் என்ற வழக்கமும் மாற வேண்டும். கொமுட்டர் இரயில்களில் 2010 முதல் பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகள் உள்ளன. தோழியருடன் செல்லுதல், இருட்டுமுன் திரும்புதல், செல்லுமிடத்தை வீட்டாருக்குத் தெரிவித்தல் ஆகிய ஒழுங்குகளோடு பெண்பிள்ளைகளும் தாராளமாகச் செல்லலாம்.

குறைகளே இல்லை என்று நான் கூறவில்லை. இணைப்புப் பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடும். சில நிலையங்களுக்கு வெளியே நடைபாதை பாதியிலேயே நின்றுவிடும். நள்ளிரவையொட்டி இரயில் சேவையும் ஓய்ந்துவிடும். இவற்றையும் கணக்கிட்டுப் புறப்படுவதே பயணத்தின் முதற் பாடம். நேரத்தைத் திட்டமிடுதல், மாற்றுவழி தேடுதல், அயலாரிடம் பணிவோடு வழி கேட்டல் ஆகியவற்றை எந்தப் பயிற்சி நூலும் இவ்வளவு எளிதில் கற்பிப்பதில்லை.

இங்கே ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. கல்விச் சுற்றுலா என்றால் வாடகைப் பேருந்தில் ஏற்றி, வாசலில் இறக்கி, தலையெண்ணி அழைத்து வருவதே நம் வழக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள தமிழ்ப்பள்ளிகள், ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஆசிரியர் துணையோடு ஒரு முறையேனும் இரயிலில் அழைத்துச் செல்லலாமே! எந்தத் தடம், எங்கே மாறுவது, எத்திசை நடைமேடையில் நிற்பது என்பதை மாணவர்களே வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். இரயில் செல்லும் திசையை அத்தடத்தின் கடைசி நிலையத்தின் பெயரே காட்டும் என்ற சிறு செய்தியை அறிந்துவிட்டால் பாதி அச்சம் நீங்கிவிடும். தவறாக ஏறிவிட்டாலும் இழப்பதற்கு என்ன இருக்கிறது? அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை இரயிலில் திரும்பி வரலாம். தொலைவிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள், அவ்வரைபடத்தை அச்சிட்டு ஒரு பாடவேளையில் பயிற்சியாக அளிக்கலாம்.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் தைப்பிங்கில் திறக்கப்பட்டது. இந்நாட்டு இருப்புப் பாதைகளில் உழைத்தவர்களுள் தமிழர் ஏராளம். அவர்தம் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் அதே நாட்டின் தலைநகரில் இரயிலேற அஞ்சி அறைக்குள் முடங்கிக் கிடப்பது பொருந்துமா?

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது, "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்பதோடு, "இவ்வாரம் எந்தப் புதிய இடத்தைப் பார்த்தாய்?" என்றும் கேளுங்கள். நகரத்தைத் தன் கால்களால் அறிந்த பிள்ளை, பட்டத்தோடு துணிவையும் பெற்றுத் திரும்பும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.