35 மார்க்குக்கு எக்ஸ் எதற்கு?

பள்ளி திறந்த முதல் வாரம் கணக்கு வகுப்பில் பாடம் கம்மி, கண்டிஷன்தான் அதிகம். கிளாஸ் ஒர்க்குக்கு ஒரு நோட்டு, ஹோம் ஒர்க்குக்கு ஒரு நோட்டு, கிராஃப் நோட்டு தனி. ஜியோமெட்ரி பாக்ஸ் இல்லாமல் வரக்கூடாது. பக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு, ரஃப் ஒர்க்கை அங்கேதான் செய்ய வேண்டும். வாரம் ஒரு ஸ்லிப் டெஸ்ட், பேப்பரில் பெற்றோர் கையெழுத்து. திண்டுக்கல் டவுனிலேயே இருக்கும் பிள்ளைக்கும், வேடசந்தூரிலிருந்தோ நத்தத்திலிருந்தோ பஸ் ஏறி வரும் பிள்ளைக்கும் இந்தப் பட்டியலில் பெரிய வித்தியாசம் இருக்காது.

பட்டியலில் எழுதாத கண்டிஷன் ஒன்றும் உண்டு. அது ஜூனில் வராது. காலாண்டுத் தேர்வு பேப்பர் திருத்திய பிறகு வரும். “அல்ஜீப்ரா வரலையா? அதை விட்டுடு. ஜியோமெட்ரி, கிராஃப், ஒரு மார்க், இந்த மூணையும் புடிச்சுக்கோ. பாஸாயிடலாம்.”

இதைக் கேட்டதும் பல வீடுகளில் நிம்மதிதான். “எம் பிள்ளை பாஸ் பண்ணினாப் போதும் சார்” என்று கேட்டு வந்தவர்களுக்கு அதற்கான வழியையே சார் சொல்லிவிட்டாரே!

சொன்னதில் கணக்குப் பிழையும் இல்லை. தமிழ்நாடு பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு 100 மார்க்குக்கு. 1 மார்க் கேள்விகள் 14. 2 மார்க்கில் 10 எழுத வேண்டும், அது 20. 5 மார்க்கில் 10, அது 50. கடைசியில் ஒரு ஜியோமெட்ரி, ஒரு கிராஃப், தலா 8 வீதம் 16. இந்தக் கடைசி 16-ஐயும் முதல் 14-ஐயும் கூட்டினால் 30 வந்துவிடுகிறது. இன்னும் மூன்று 2 மார்க் கேள்வி எழுதினால் 35 தாண்டிவிடும். நடுவில் கிடக்கும் 50 மார்க் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. ரிசல்ட் வந்த அன்றே மாவட்டத்துக்கு எத்தனை சதவீதம், பள்ளிக்கு எத்தனை சதவீதம் என்ற கேள்வி வந்துவிடும். குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். 34 எடுத்த பிள்ளைக்கு எக்ஸ் புரிந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்த ஒரு மார்க் ஏன் போனது என்றுதான் விசாரிப்பார்கள்.

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1978-இல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு, பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில், காம்போசிட் மேத்ஸ் என்றும் ஜெனரல் மேத்ஸ் என்றும் இரண்டு இருந்தன. ஜெனரல் எடுத்தவர்களுக்குச் சுமை குறைவு, பிறகு போகக்கூடிய படிப்புகளும் குறைவு. இன்று சி.பி.எஸ்.இ.யில் அதே மாதிரி இரண்டு இருக்கிறது. 2020 முதல் பத்தாம் வகுப்புக்கு ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு கணக்குத் தாள்கள். எது வேண்டும் என்று கேட்டு, பெற்றோருக்குத் தெரியவைத்துத்தான் எழுத வைக்கிறார்கள்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே தாள். நல்ல விஷயம்தான். ஆனால் காலாண்டுக்குப் பிறகு அதே வகுப்பறைக்குள் சத்தமில்லாமல் இரண்டு வகுப்பு உருவாகிறது. முன் பெஞ்சுக்குக் காம்போசிட், பின் பெஞ்சுக்கு ஜெனரல். அந்தக் காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்ததை இப்போது கேட்காமலே செய்துவிடுகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ‘அல்ஜீப்ராவை விடு, கிராஃபைப் பிடி’ என்கிறார்களே, அந்தக் கிராஃப் புத்தகத்தில் இருப்பதே ‘இயற்கணிதம்’ என்ற மூன்றாவது பாடத்தில்தான்! எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் 3 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். எக்ஸுக்கு மைனஸ் 1, 0, 1, 2, 3, 4, 5 என்று வரிசையாகக் கொடுத்தால் 8, 3, 0, மைனஸ் 1, 0, 3, 8 என்று வரும். புள்ளி வைத்து இணைத்தால் கிண்ணம் மாதிரி ஒரு வளைவு. அது படுக்கைக் கோட்டை 1-லும் 3-லும் வெட்டும். அந்த இரண்டும்தான் சமன்பாட்டின் தீர்வு. காரணிப்படுத்திக் கண்டுபிடித்தாலும் அதே 1, அதே 3 தான் வரும்.

இது புரியாமல் அட்டவணையை மனப்பாடமாகப் போடும் பிள்ளை மாட்டுவது மைனஸ் 1-ல்தான். மைனஸ் 4 பெருக்கல் மைனஸ் 1 என்றால் பிளஸ் 4. அதை மைனஸ் 4 என்று எழுதிவிட்டால் 8 வர வேண்டிய இடத்தில் 0 வந்துவிடும். கிண்ணத்தின் ஒரு பக்கம் நசுங்கிப் போகும். இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை, படத்தைப் பார்த்ததுமே ‘எங்கேயோ தப்பு’ என்று திரும்பிப் போகும். தெரியாத பிள்ளை நசுங்கிய கிண்ணத்தையே அழகாக வரைந்து, ஸ்கேலும் எழுதி, கட்டமும் போட்டுக் கொடுத்துவிட்டு வரும்.

பிரச்னை பத்தாம் வகுப்பில் தொடங்குவதும் இல்லை. அல்ஜீப்ரா ஆறாம் வகுப்பிலேயே அறிமுகமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கி நிறுத்தி வைப்பதில்லை. அதைக் குறை சொல்லத் தேவையில்லை. நிறுத்தி வைத்தால் கணக்கு வந்துவிடாது, பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிடும் பிள்ளைகள்தான் கூடும். ஆனால் ஏழாம் வகுப்பில் புரியாத மைனஸ் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்கிறது. அங்கே பல்லுறுப்புக் கோவை, மீதித் தேற்றம், இரண்டு மாறிச் சமன்பாடு என்று ஒரே நேரத்தில் எல்லாம் வந்து நிற்கும்.

ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயரை ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதாத பிள்ளை உண்டா? நூறு முறை இம்போசிஷன் எழுதினாலும் அது மாறுவதில்லை. 5-ஐயும் 3-ஐயும் போட்டுப் பார்க்கச் சொன்னால் மாறும். கூட்டி ஸ்கொயர் செய்தால் 64. தனித்தனியாகச் செய்தால் 25-உம் 9-உம், 34 தான். நடுவில் 30 எங்கே போனது? 5-ஐ 3-ஆல் பெருக்கி இரண்டு மடங்காக்கினால் அந்த 30. காணாமல் போன ‘2 ஏ பி’ அதுதான். இரண்டு நிமிட வேலை. இம்போசிஷனுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

எனவே கணக்கு வகுப்பின் சட்டதிட்டத்தில் முதலில் வர வேண்டியது ஜியோமெட்ரி பாக்ஸ் அல்ல. தப்பாகப் போட்ட கணக்கை என்ன செய்வது என்பதுதான். தப்பை அழித்துவிட்டு போர்டில் இருக்கும் விடையைக் காப்பியடித்தால் நோட்டு சுத்தமாக இருக்கும், தலைக்குள் எதுவும் ஏறியிருக்காது. தப்பை அப்படியே விட்டு, எந்த வரியில் சறுக்கியது என்று சுழித்துவிட்டு, கீழே மறுபடி போட்டால் நோட்டு அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த அசிங்கத்தை ஆசிரியரும் பொறுக்க வேண்டும், அம்மா அப்பாவும் பொறுக்க வேண்டும். பொதுத்தேர்விலேயே விடை தப்பானாலும் சரியாகப் போட்ட ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. வகுப்பில் மட்டும் ஏன் முழுக் கணக்குக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு?

அடுத்தது ஹோம் ஒர்க். நிலக்கோட்டைப் பக்கம் மல்லி பறிக்கும் வீடுகளில் விடியும் முன்பே அம்மா தோட்டத்துக்குக் கிளம்பியிருப்பார். தம்பி தங்கையைக் கிளப்பிவிடுவது மூத்த பிள்ளையின் பொறுப்பு. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடித்து ஊர் பஸ்ஸைப் பிடித்து வீடு சேரும்போது இருட்டியிருக்கும். அந்தப் பிள்ளையிடம் இருபது கணக்கு கேட்டால், காலையில் வகுப்புக்கு முன்பு பக்கத்துப் பிள்ளையின் நோட்டில் இருந்துதான் இருபதும் வரும். மூன்று கணக்கு கேட்டால் சொந்தமாகப் போட ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. சொந்தமாகப் போட்ட மூன்று, காப்பியடித்த இருபதைவிட எந்தக் கணக்கிலும் அதிகம்தான்.

“இதெல்லாம் வாழ்க்கைக்கு எதுக்கு?” என்று கேட்பவர்கள் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கே ஒரு தடவை போய் வரலாம். மல்லி விலை முகூர்த்த நாளில் ஒன்று, மறுநாள் ஒன்று. ‘மாறி’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. காய்கறிக் கடையில் மூன்று கிலோ தக்காளியும் இரண்டு கிலோ சின்ன வெங்காயமும் 190 ரூபாய், பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கிலோ தக்காளியும் இரண்டு கிலோ வெங்காயமும் 130 ரூபாய் என்றால், ‘ரெண்டு கிலோ தக்காளி 60, அப்போ கிலோ 30, வெங்காயம் 50’ என்று பாட்டி மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். புத்தகத்தில் நீக்கல் முறை என்று இருப்பது இதுதான். பாட்டிக்கு வரும் கணக்கு பேரனுக்கு வராது என்று அக்டோபர் மாதமே முடிவு கட்டுவது என்ன நியாயம்?

35-க்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாலிடெக்னிக் சேர்ந்தால் முதல் வருஷமே கணக்குத் தாள் காத்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 25 கணக்குக் கேள்வி, அதுவும் பத்தாம் வகுப்புத் தரத்தில். அன்று தாண்டிக் குதித்த பள்ளம் இருபது வயதில் மறுபடி எதிரே வந்து நிற்கும், கோச்சிங் சென்டர் ஃபீஸோடு சேர்த்து.

கணக்கு இல்லாத குரூப்பும் மதிப்புள்ளதுதான். 2023-இல் பிளஸ் டூவில் 600-க்கு 600 எடுத்த மாணவி திண்டுக்கல்லில் படித்தவர், வணிகவியல் பிரிவு. விரும்பி அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. வேறு எதுவும் தர மாட்டார்கள் என்று அங்கே போய் உட்காருவது வேறு.

அல்ஜீப்ரா தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. சனிக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம், மார்க்கைக் கேட்காமல், “இந்த வாரம் தப்பாப் போன ஒரு கணக்கைக் காட்டு, எந்த எடத்துல தப்பாச்சுன்னு சொல்லு” என்று கேட்பது. பிள்ளை விரல் வைத்துக் காட்டினால் சரி. நோட்டு முழுக்க டிக் மட்டுமே இருந்து, ஒரு கணக்கைக்கூட விளக்க முடியவில்லை என்றால் அது யார் நோட்டிலிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது போய், பாஸ் சதவீதத்தைக் கேட்கும் நேரத்தில் இதையும் கேட்கலாம்: “தப்பாப் போட்ட கணக்கைத் திரும்பப் போட வாரத்துல ஒரு பீரியட் இருக்கா சார்?” காலாண்டுத் தேர்வுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. அந்த இரண்டு பட்டியலும் தயாராவது அதற்கு அப்புறம்தான்.