அந்த மேசையில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்



சில ஆண்டுகளாக நம் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் நடத்தும் ஹேக்கத்தான் எனும் தொழில்நுட்பப் போட்டிகளுக்கு இணையவழி நடுவராக என்னையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இங்கே மாசசூசெட்ஸில் நள்ளிரவு தாண்டியிருக்கும். அங்கே பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, தூங்காத கண்களோடு புராஜெக்டை விளக்குவார்கள். பார்வையற்றவர்களுக்கு ஸ்மார்ட் ஸ்டிக், சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறை, சக்கர நாற்காலிக்கு ஒரு செயலி என்று மாற்றுத்திறனாளிகளை நினைத்துச் செய்தவை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகின்றன. என் படிப்புக் காலத்தில் இந்த நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. பிள்ளைகளின் அக்கறை உண்மையானது. அதனால்தான் அவர்களிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறேன்: இதை யாரிடம் கொடுத்துப் பார்த்தீர்கள்?

"எங்க டீம்ல ஒருத்தன் கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்து பார்த்தான், மேடம்."

கண்ணைக் கட்டிக்கொண்டு பத்தடி நடப்பவனுக்குத் தெரிவது இருட்டு மட்டும்தான். பிறவியிலிருந்தே பார்வை இல்லாமல், பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் சாலையைக் கடந்து பழகியவருக்கு இருட்டு ஒரு பிரச்சினையே கிடையாது. அவருக்கு இருக்கும் பிரச்சினைகள் வேறு. அவை என்ன என்று அவரிடம் போய்க் கேட்டால்தான் தெரியும்.

அப்படிக் கேட்டுச் செய்த ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. டெல்லி ஐஐடியில் 2005 வாக்கில் இளநிலை மாணவர்களின் பாடப் புராஜெக்டாகத் தொடங்கிய ஸ்மார்ட்கேன் என்ற கருவி அது. பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் வழிநடத்த, பார்வையற்றோருக்காக வேலை செய்யும் சக்‌ஷம் அமைப்பு கூடவே இருந்தது. குழியையும் படியையும் கல்லையும் பார்வையற்றவர் கையிலிருக்கும் வெண்கோலே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அதற்குச் சென்சார் தேவையில்லை. கோலுக்கு எட்டாதவை முழங்காலுக்கு மேலே இருப்பவை: தாழ்ந்த மரக்கிளை, நிறுத்தி வைத்த லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, சுவரிலிருந்து துருத்தும் ஏசி. கோல் தட்டுவதற்குள் நெற்றியில் அடித்துவிடும். ஆகவே அந்தக் கருவி மேல்பக்கம்தான் பார்க்கும்; மூன்று மீட்டர் தூரம் வரை இருப்பதை உணரும். ஏற்கெனவே கையில் இருக்கும் கோலின் மேற்பகுதியில் மாட்டிக்கொள்ளலாம், பழகிய கோலை விடவேண்டாம். எச்சரிக்கையைக் கைக்கு அதிர்வாகத் தரும். வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் பார்வையற்றவர் சாலையைக் கடக்கிறார். அந்தக் காதில் போய் பஸ்ஸரைக் கத்தவிட்டால் இருக்கும் வழியையும் அடைப்பதாகும். பல ஊர்களில் பார்வையற்றவர்களே சோதித்துப் பார்த்த பிறகு, 2014இல் 3,000 ரூபாய் அளவில் அது விற்பனைக்கு வந்தது. தயாரித்தது சென்னையிலுள்ள பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

நான் பார்க்கும் ஸ்மார்ட் ஸ்டிக்குகளில் பெரும்பாலும் சென்சார் தரையைப் பார்க்கிறது, பஸ்ஸர் கத்துகிறது. பார்வையற்ற ஒருவர் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டையும் அப்போதே மாற்றச் சொல்லியிருப்பார்.

நம் ஊரில் அந்த ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பார்வையற்றோர் பள்ளியும், பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் பெயரைத் தாங்கிய காதுகேளாதோர் பள்ளியும் நூறாண்டு தாண்டி பாளையங்கோட்டையில் நிற்கின்றன. அங்கே படித்து முடித்தவர்கள் நம் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள், நம்மோடுதான் பஸ் ஏறுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில், மாற்றுத்திறனாளிக்கான போட்டி மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லாமல் நடந்து முடிவது எனக்குப் பொறுக்கவில்லை.

கையுறை பற்றியும் சொல்லவேண்டும். 2016இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், சைகையை ஆங்கிலப் பேச்சாக்கும் கையுறை ஒன்றைச் செய்து 10,000 டாலர் பரிசு பெற்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. காது கேளாதவர்களும் சைகை மொழி அறிஞர்களும் எதிர்த்தார்கள். சைகை மொழியின் இலக்கணத்தில் பெரும் பங்கு முகத்தில் இருக்கிறது. கேள்வியா செய்தியா என்பதைப் புருவம் சொல்லும். தோளும் பார்வையும் உடலின் சாய்வும் பொருளை மாற்றும். கையுறைக்குத் தெரிவது விரல் மட்டும். தவிர, அது ஒருவழிப் பாதை. காது கேட்பவருக்குப் புரிவதற்காகக் காது கேளாதவர் கருவியைச் சுமக்கவேண்டும்; காது கேட்பவர் பேசுவதை அவருக்கு யார் சொல்வது? அந்த விவாதம் நடந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பிள்ளைகள் அதே கையுறையைப் புதிதாகச் செய்கிறார்கள். சுவெய்ன்சன் பள்ளியில் படித்த ஒருவரிடம் கேட்டிருந்தால், ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பரைக் குரலில் மட்டும் கூப்பிடுவதையோ, ரயில் வேறு பிளாட்பாரத்துக்கு மாறியதை ஒலிபெருக்கியில் மட்டும் சொல்வதையோ எடுத்துக்காட்டியிருக்கக்கூடும். அவை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரே நாளில் தீர்க்கக்கூடிய வேலைகள்.

நான் இருக்கும் கேம்பிரிட்ஜில், எம்ஐடி என்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2014 முதல் ஏடிஹேக் என்ற ஒருநாள் ஹேக்கத்தானை நடத்துகிறார்கள். இந்த வட்டாரத்தில் வாழும் மாற்றுத்திறனாளிகள் தங்கள் அன்றாடச் சிரமம் ஒன்றை முதலில் சொல்கிறார்கள். அவர்களைப் பயனாளி என்று யாரும் அழைப்பதில்லை. குழுவில் ஒருவராக, கூட்டு வடிவமைப்பாளர் என்ற பெயரோடு இருக்கிறார்கள். போட்டிக்கு முன்பே ஒரு மாலை எல்லோரையும் சேர்த்துச் சாப்பிட வைத்து, யார் யாரோடு வேலை செய்வது என்று முடிவுசெய்கிறார்கள். போட்டி நாளில் அந்தக் கூட்டு வடிவமைப்பாளர் மேசையிலேயே உட்கார்ந்து, பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். பெரிய கண்டுபிடிப்பு வேண்டுமென்பதில்லை. ஒரு மனிதர், அவருடைய ஒரு சிரமம், அது தீர்ந்ததா என்பதுதான் கணக்கு.

போட்டிக்குப் பிறகும் வேலை நடக்கவேண்டும். 2016இல் எம்ஐடியின் வேறொரு ஹேக்கத்தானில் ஆறு மாணவிகள் சேர்ந்து, அச்செழுத்தைப் படமெடுத்து உடனுக்குடன் பிரெய்ல் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும் கருவியின் முதல் வடிவத்தை 15 மணி நேரத்தில் செய்து வென்றார்கள். புள்ளிகள் எழுந்து தாழும் பிரெய்ல் கருவிகளில் பல இன்றும் ஆயிரக்கணக்கான டாலர் விலை. பிரெய்லில் அச்சான புத்தகங்களோ மிகச் சொற்பம். அவர்கள் கோப்பையோடு நிற்கவில்லை. குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த, எம்ஐடியில் பணிபுரிந்த பால் பர்ரவானோவிடம் ஆலோசனை கேட்டுக்கேட்டு மாற்றினார்கள். மறு ஆண்டு லெமல்சன்-எம்ஐடி மாணவர் பரிசு கிடைத்தது. நம் ஹேக்கத்தான்களில் பரிசளிப்பு முடிந்ததும் கருவி லேப் அலமாரிக்குள் போய்விடுகிறது. அதிலிருக்கும் ஆர்டுயினோ மின்சுற்றுப் போர்டை மட்டும் அடுத்த ஆண்டு கழற்றிக்கொள்வார்கள்.

சென்சாரே இல்லாமல் செய்யக்கூடியதும், தமிழ்ப் பிள்ளைகளால் மட்டுமே செய்ய முடிவதுமான வேலை ஒன்று காத்துக் கிடக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை உருவாக்கத் தொடங்கினார்; பார்வையற்ற இன்னொரு ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் தே அவரோடு சேர்ந்துகொண்டார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும், இலவசம், இ-ஸ்பீக் குரலோடு தமிழும் வாசிக்கும். பார்வையற்ற நம் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். ஆனால் அது யூனிகோடு தமிழைத்தான் வாசிக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். காதுக்கு ஆங்கில எழுத்துகளின் இரைச்சல். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அப்படியும் பழைய எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்புகள், ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎப்புகள், வாட்ஸ்அப்பில் படமாகவே சுற்றும் அறிவிப்புகள் குறையவில்லை. ஒரு துறையின் ஐந்தாண்டு பாடக்குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, ஸ்கிரீன் ரீடரில் ஒருவரை வாசிக்கச் சொல்லிப் பிழை திருத்தித் தாருங்கள். மேடையில் மினுமினுக்காது என்பதை அறிவேன். நடுவராக நான் அதற்குத்தான் முதல் பரிசு கொடுப்பேன்.

கருவி யாருக்கு என்பதைப் போலவே, அதைச் செய்யும் குழுவுக்குள் யார் வர முடிகிறது என்பதையும் கேட்கவேண்டும். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் மென்பொருள் பிரிவைப் போல 36 மணி நேரம் தொடர்ந்து நடத்தினால், மாலையில் கதவடைக்கும் விடுதியில் இருக்கும் பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பகலில் இரண்டு நாளாக நடத்துங்கள். தமிழ் வழியில் படித்துவந்த பிள்ளை தமிழில் விளக்கட்டும். லேப் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை என்றால் போட்டியைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பேராசிரியர்களே, மேலே சொன்ன இரு பள்ளிகளுக்கும் ஆள் தேடிப் போகும்போது தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்; பரீட்சைக் காலத்தில் போகாதீர்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், படித்து முடித்து வேலைக்குப் போகும் பெரியவர்களையும் கூப்பிடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்யுங்கள். வருகிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்கார வைக்கவேண்டாம். அவர்கள் வேலை செய்ய வருகிறார்கள். மேசையில் நாற்காலி போடுங்கள், அன்றைய உழைப்புக்குச் சம்பளம் கொடுங்கள்.

அடுத்த ஹேக்கத்தானை எந்தக் கல்லூரி நடத்தினாலும், அப்படி வருகிறவர்களின் சம்பளம், ஆட்டோ வாடகை, சாப்பாடு, மொழிபெயர்ப்பாளர் ஊதியம் எல்லாவற்றையும் நானும் இங்கிருக்கும் நம்மூர்க்காரர்கள் சிலரும் ஏற்றுக்கொள்கிறோம். கேட்பது இரண்டே. மொத்த மதிப்பெண்ணில் பாதியை, அப்படி வரும் மாற்றுத்திறனாளிகள் போடட்டும். பரிசுப் பணத்தில் பாதியை அன்றைக்குக் கொடுங்கள். மீதியை, ஆறு மாதம் கழித்து அந்தக் கருவி குழுவோடு வேலை செய்த மாற்றுத்திறனாளியின் கையில் இன்னும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு பாளையங்கோட்டைக்காரி
கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்