வாச்சாத்தி அப்பீல்

தர்மபுரி ஜில்லா வாச்சாத்திக்கு 1992-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடப் போன வனத்துறை, போலீஸ், ரெவின்யூ சிப்பந்திகள் ஊரைச் சூறையாடினர். மலைவாழ் ஸ்திரீகள் 18 பேர் பலாத்காரத்துக்கு ஆளாயினர். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புக் கூறிற்று. எதிரிகள் 269 பேரில் 54 பேர் அதற்குள் மாண்டுவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென முடிவாயிற்று. பலாத்காரக் குற்றத்துக்காக 12 பேருக்குப் பத்து வருஷமும், 5 பேருக்கு ஏழு வருஷமும் தண்டனை. அப்பீல்களைச் சென்னை ஹைக்கோர்ட் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். நாள் பிசகாமல் பன்னிரண்டு வருஷம்!

அப்பீல் உரிமையை நாம் குறை கூற வரவில்லை. 1942-ல் உப்பிலாகா அதிகாரி லோன் கொலையுண்ட குலசேகரன்பட்டினம் வழக்கில் காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்கு விதிக்கப்பட்டதை மறவாத கடற்கரை இது. அந்த உரிமையின் அருமை இங்குள்ளோருக்குத் தெரியும். ஆனால் அப்பீல் என்பது சாட்சியத்தை மறுபடி நிறுத்துப் பார்ப்பதேயன்றி, சில்லறை முரண்பாடுகளைப் பொறுக்கியெடுப்பதன்று. பல வருஷங் கழித்துக் கூண்டேறும் பெண் அன்று மணி என்ன, வந்தவர் எத்தனை பேர் என்பதில் தடுமாறக்கூடும். தனக்கு நேர்ந்ததில் தடுமாறமாட்டாள்.

மதுரா வழக்கில், பம்பாய் ஹைக்கோர்ட் தண்டித்த இரு போலீஸ்காரரைச் சுப்ரீம் கோர்ட் 1978-ல் விடுதலை செய்தது. பெண்ணின் உடம்பில் காயமில்லை; ஆகவே எதிர்க்கவில்லையாம்! போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஏழைச் சிறுமி யாரை எதிர்ப்பது? தேசம் கொதித்ததன் பேரில் 1983-ல் சட்டம் திருந்திற்று. அதிகாரக் காவலில் நடந்த சம்போகம் ருஜுவாகி, தான் இணங்கவில்லையென்று அவள் சாட்சி சொன்னால், கோர்ட் அவ்வாறே அனுமானிக்க வேண்டும்.

வாச்சாத்தி அப்பீலில் நீதிபதி வேல்முருகன் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 310-வது பிரிவு அதற்கு இடந்தந்தது. காகிதக் கட்டோடு திருப்தியடையும் மற்ற நீதிபதிகளுக்கும் அது தெரியாததல்ல. தண்டனையை அவர் குறைக்கவில்லை. பெண் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் தரவும், அதில் ஐந்து லட்சத்தைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும், அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, ஜில்லா வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

எனினும் அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்கு யார் பதில் சொல்வது? அப்பீல் கிடந்து முதிர்ந்தால் எதிரியும் முதியவராகிறார். பிறகு முதுமையே தண்டனைக் குறைப்புக்கு வாதமாகிறது. அத்தகைய வாதத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்கலாகாது. சர்க்கார் உத்தியோகஸ்தர் பலாத்காரக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட வழக்குகளின் அப்பீலை ஒரு வருஷத்துக்குள் விசாரித்து முடிக்க ஹைக்கோர்ட் தனி பெஞ்சு அமைக்க வேண்டும். அதுவரை தண்டனையை நிறுத்திவைப்பதாயின், பாதிக்கப்பட்டவளின் வாதத்தையும் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.