வம்சம் முடிஞ்சுதுன்னு யார் சொன்னது?

ஐரோப்பிய ராஜாக்கள் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும். இந்த வம்சம் இந்த வருஷம் முடிந்தது, அந்த வம்சம் ஆரம்பித்தது என்று நடுவில் ஒரு கோடு. எனக்கு இந்தக் கோட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பொத்தாம்பொதுவாகத் திட்டினால் நீங்கள் ஆதாரம் கேட்பீர்கள். அதனால் ஒரே ஒரு சின்ன நாட்டை எடுத்துக்கொள்வோம்.

நாட்டின் பெயர் எனோ. எழுத்துக்கூட்டிப் படித்தால் ஹைனாட் மாதிரி வரும், பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது எனோ. மோன்ஸ், வாலென்சியென் ஊர்களைச் சுற்றியிருந்த ஒரு கவுண்டி. இன்றைக்குப் பாதி பெல்ஜியத்தில், மீதி பிரான்சில். ஆள்பவர் கவுண்ட், பெண் என்றால் கவுண்டஸ். அட்டவணைப்படி இங்கே வரிசையாக ஆறு வம்சங்கள்: ரெக்னார், ஃபிளாண்டர்ஸ், அவேன், பவேரியா, பர்கண்டி, ஹாப்ஸ்பர்க். ஆறு வம்சம் என்றால் ஐந்து கோடு. அந்த ஐந்து கோட்டிலும் ஒரு பெண் நிற்கிறார் என்பதுதான் என் பஞ்சாயத்து.

முதல் கோடு 1051. கவுண்ட் ஹெர்மன் இறக்கிறார். விதவை ரிஷில்ட், ஃபிளாண்டர்ஸ் வாரிசு பால்ட்வினை மணக்கிறார். முதல் கணவரின் பிள்ளைகள் ஓரங்கட்டப்படுகிறார்கள், பையன் பிற்பாடு பிஷப் ஆகிறான். 1070ல் பால்ட்வினும் போய்ச் சேர, 1071ல் காசெல் போரில் மூத்த மகன் சாகிறான், ஃபிளாண்டர்ஸ் கைவிட்டுப் போகிறது. சண்டைக்குப் பணம் புரட்ட எனோவையே லியேஜ் பிஷப்புக்குக் கீழ்ப்பட்ட நிலமாக்குகிறார் ரிஷில்ட். ஆனால் எனோவை விடவில்லை, இளைய மகனுக்கு அது மிஞ்சியது. இத்தனையும் செய்தவர் ரிஷில்ட். அட்டவணையில் இருப்பதோ 'ஃபிளாண்டர்ஸ் வம்சம்', அதாவது புருஷன் ஊர்.

ரெண்டாவது கோடுதான் உச்சம். கவுண்டஸ் மார்கரெட்டுக்குப் பத்து வயசு வாக்கில், 1212ல், அவருடைய பாதுகாவலராக இருந்த அவேன் ஊர் பூஷாரோடு கல்யாணம். மாப்பிள்ளை ஏற்கெனவே திருச்சபைப் பட்டம் வாங்கியவர் என்பதால் செல்லாது என்றார் போப். அடுத்து தாம்பியேர் வில்லியமோடு கல்யாணம். ரெண்டு புருஷன்களின் பிள்ளைகளும் அடித்துக்கொள்ள, 1246ல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி தீர்ப்புச் சொன்னார்: எனோ அவேன் பிள்ளைகளுக்கு, ஃபிளாண்டர்ஸ் தாம்பியேர் பிள்ளைகளுக்கு. கவனியுங்கள் மக்களே, அவேன் என்பது எனோவுக்குக் கட்டுப்பட்ட ஒரு சின்ன ஜமீன், அவ்வளவுதான். பூஷாரிடமிருந்து கவுண்ட் பட்டத்துக்கான உரிமை எதுவும் பிள்ளைகளுக்கு வரவில்லை. அது அம்மா சொத்து. ஆனால் 1280ல் மார்கரெட் இறந்து பேரன் பட்டத்துக்கு வந்ததும் 'அவேன் வம்சம்' என்று பெயர். வாங்கின வீட்டுக்கு வாடகைக்காரன் பெயரை வைப்பது மாதிரி!

மூணாவது கோடு 1345. கவுண்ட் வில்லியம் வார்ன்ஸ் போரில் வாரிசில்லாமல் சாக, சகோதரி மார்கரெட்டிடம் நாடு போகிறது. அவர் புருஷன் பவேரியாக்காரர், எனவே 'பவேரிய வம்சம்'.

நாலாவது ஜாக்குலின். 1417ல் பதினைந்து வயசில் கவுண்டஸ். நாலு புருஷன்காரி என்று கதை எழுதிக் காசு பார்க்கும் ஆட்கள் மற்றதைச் சொல்வதில்லை. மூணாவது புருஷன் ஹம்ஃப்ரே 1424ல் இங்கிலாந்திலிருந்து படையோடு வந்து, அடுத்த வருஷமே அவரை மோன்சில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். ஜாக்குலின் பர்கண்டி பிலிப்பிடம் ஒப்படைக்கப்பட்டு, கென்ட் நகரில் காவலில் இருந்து, ஆண் வேஷத்தில் தப்பினார். 1428 டெல்ஃப்ட் ஒப்பந்தத்தில் பிலிப்பை வாரிசாக ஏற்க வேண்டிவந்தது. 1433ல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பிலிப்புக்கு என்ன உரிமை? அவர் அம்மா ஜாக்குலினின் அத்தை. பிடுங்கினவர் உரிமையும் அம்மா வழிதான் :-)

அஞ்சாவது, 1477ல் பர்கண்டி மேரி மாக்ஸிமிலியனை மணந்தது. உடனே 'ஹாப்ஸ்பர்க்'.

"அந்தக் காலத்திலேயே பெண்ணைக் கணக்கில் எடுக்கலையே, அட்டவணை போட்டவன் என்ன செய்வான்?" என்று யாராவது கேட்பார்கள். தம்பி இருந்தால் அக்காவுக்குக் கிடையாது என்பது வாஸ்தவம். ஆனால் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது பச்சைப் பொய். மார்கரெட்டின் அக்கா ஜோன், புருஷன் புவின் போரில் பிடிபட்டு 1214லிருந்து 1227 வரை பிரெஞ்சுச் சிறையில் கிடந்தபோது தனியாகவே ஆண்டார். டெல்ஃப்ட் ஒப்பந்தத்தில் பிலிப் போட்ட ஒரு ஷரத்து: அவர் சம்மதமில்லாமல் ஜாக்குலின் மறுமணம் செய்யக் கூடாது. பெண் வழியில் உரிமை போகாது என்றால் இந்த ஷரத்து எதுக்கு? பிலிப்புக்குத் தெரிந்தது அட்டவணைக்காரருக்குத் தெரியவில்லை.

நம்ம பொட்டி தட்டும் பாஷையில் சொன்னால், அப்பா என்ற ஒரே ஃபீல்டை வைத்து ரெக்கார்டுகளை இணைத்தால் பாதி ரெக்கார்டு தொடர்பற்று நிற்கத்தான் செய்யும். டேட்டாவில் குறையில்லை. டிசைன் கோளாறு.

பெண்ணரசிகள் காலம் பொற்காலம் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. பத்து வயசில் கல்யாணம், காவல், மிரட்டிக் கையெழுத்து எல்லாம் பார்த்தோமே. அந்த உரிமை அவர்கள் உடம்பு வழியாகப் போனதால்தான் அத்தனை பாடும். பட்ட பாட்டையும் மறைத்து, கொண்டுபோய்ச் சேர்த்ததையும் மறைத்து, 'வாரிசின்றி வம்சம் முடிந்தது' என்று ஒரு கோடு. வாரிசு இருந்தது சாமி. பெண்ணாக இருந்தது, அவ்வளவுதான்.