சர்க்குலர் நோட்டு ஆபீஸுக்குத் திரும்பிடுச்சா?

இன்டர்னல்ஸ் எல்லாம் எப்படிப் போச்சு? எனக்குப் போன வாரம் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. செம பல்பு! அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்ககிட்ட சொல்லப்போறேன். தாராளமா சிரிச்சுக்கோங்க. ஆனா, கடைசியில சார் கேட்ட கேள்வியை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. நாளைக்கு உங்க ரிவ்யூவுலயும் வரலாம்!

முதல்ல ஒரு சீன். கிளாஸ் நடக்கும்போது அட்டெண்டர் அண்ணன் சர்க்குலர் நோட்டோட வாசல்ல வந்து நிப்பார். மேடம் வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாங்க. அடுத்து பக்கத்து கிளாஸ். பன்னிரண்டு கிளாஸுக்கும் விஷயம் போகணும். ஆனா நோட்டு ஒண்ணே ஒண்ணு. கடைசிக் கையெழுத்து விழுந்ததும் நோட்டு ஆபீஸுக்குத் திரும்பிடும்.

மல்ட்டிகாஸ்ட்டும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரே டேட்டா, கேட்டவங்க எல்லாருக்கும் போகணும். 1989-ல் ஸ்டீவ் டீரிங் எழுதின ஆர்.எஃப்.சி. 1112 இதுக்கு அஸ்திவாரம். 224-ல் தொடங்கி 239 வரைக்குமான ஐ.பி. முகவரிகளை இதுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்காங்க. ஐ.பி.டி.வி. சேனல்கள், பங்குச்சந்தை விலைகள் எல்லாம் இந்த வழியில போகுது. யூடியூப் லைவ் இதுல சேராது பாஸ், அது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வர்றது!

இப்போ ஸ்விட்ச் உள்ளே போவோம். அப்லிங்க் வழியா 1,518 பைட் பாக்கெட் ஒண்ணு வருது. கீழே இருக்குற 48 போர்ட்டும் அதைக் கேட்குது. ஆளுக்கொரு காப்பி எடுத்தா 72,864 பைட் காலி. "அதனால என்ன, மெமரிதான் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. 2012-ல் வந்த பிராட்காமின் ட்ரைடென்ட் 2 சிப்புல எல்லா போர்ட்டுக்கும் சேர்த்தே பஃபர் 12 எம்.பி.தான். உங்க போன்ல எடுக்குற நாலு போட்டோவுக்குக்கூடப் பத்தாது!

அதனால பாக்கெட்டை ஒரே ஒரு தடவைதான் மெமரியில வைப்பாங்க. ஒவ்வொரு போர்ட்டோட வரிசையிலயும் 'அது இந்த இடத்துல இருக்கு'ன்னு சின்னதா ஒரு பாயின்ட்டர். பாயின்ட்டருக்கு 4 பைட்னு வெச்சாலும் மொத்தம் 1,710 பைட்ல வேலை முடிஞ்சுது. கூடவே ஒரு கவுன்ட்டர்: இன்னும் எத்தனை போர்ட் பாக்கி? ஒவ்வொரு போர்ட்டும் அனுப்பி முடிச்சதும் ஒண்ணு குறையும். பூஜ்யம் ஆனதும் அந்த இடம் காலி லிஸ்ட்டுக்குத் திரும்பிடும்.

'ப்பூ, இவ்வளவுதானா?'ன்னுதான் நாங்களும் நினைச்சோம். நானும் என் டீம்மேட்டும் சி-யில ஒரு ஸ்விட்ச் சிமுலேட்டர் எழுதினோம். 1 எம்.பி. மெமரி, 256 பைட் துண்டுகளா மொத்தம் 4,096. முதல் அடி ஆரம்பத்துலயே விழுந்துச்சு. பாயின்ட்டரை ஒவ்வொரு வரிசையிலயும் போடப் போட கவுன்ட்டரை ஒண்ணொண்ணா ஏத்தினோம். முதல் போர்ட் பயங்கர ஸ்பீடு. ரெண்டாவது வரிசைக்கு நாங்க போறதுக்குள்ள அது அனுப்பி முடிச்சு, கவுன்ட்டர் பூஜ்யமாகி, இடமும் காலி! அந்த இடத்துல வேற பாக்கெட் வந்து உட்கார, ரெண்டாவது போர்ட் யாரோட டேட்டாவையோ அனுப்புது. மொத்த எண்ணிக்கையை முதல்லயே எழுதிட்டு அப்புறம்தான் வரிசையில போடணும்னு புரிய ரெண்டு ராத்திரி ஆச்சு.

அடுத்தது ஸ்லோ போர்ட். மத்த எல்லாரும் அனுப்பி முடிச்சாலும், 5-ம் போர்ட் ஆமை மாதிரி போனா இடம் காலியாகாது. அதனால அதோட வரிசைக்கு 20 பாக்கெட்தான்னு லிமிட் வெச்சோம். அதுக்கு மேல வந்தா அந்த போர்ட்டுக்கு மட்டும் கிடையாது. கவுன்ட்டர்லயும் ஒண்ணு குறைச்சுடுவோம். சூப்பரா ஓடுச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு ரிவ்யூவுக்குப் போனோம்.

சார் அமைதியா பார்த்துட்டு, "அஞ்சாவது போர்ட் கேபிளைப் புடுங்கிப் புடுங்கி மாட்டு"ன்னார். மாட்டினோம். முப்பத்திநாலு தடவை வரைக்கும் கம்முனு இருந்தார். "இப்போ ட்ராஃபிக்கை நிறுத்து. காலித் துண்டு எத்தனை இருக்கு?"

4,096 இருக்கணும். ஸ்க்ரீன்ல வந்தது 16.

"மிச்சம் யார்கிட்ட இருக்கு?"ன்னு கேட்டார். எங்ககிட்ட பதில் இல்லை.

ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கேபிளைப் புடுங்கினதும் அந்த வரிசையில இருந்த 20 பாயின்ட்டரையும் அழிச்சிருந்தோம். கவுன்ட்டரைக் குறைக்க மறந்துட்டோம். பாக்கெட்டுக்கு 6 துண்டு, ஆக ஒரு தடவைக்கு 120 துண்டு அவுட். முப்பத்திநாலு தடவைக்கு 4,080. கரெக்ட்டா 16 மிச்சம்! வராத போர்ட்டோட கையெழுத்துக்காக அத்தனை பாக்கெட்டும் காத்துக்கிட்டே இருந்திருக்கு.

அட்டெண்டர் அண்ணன் இதை எப்பவோ சால்வ் பண்ணிட்டார். ஒரு கிளாஸே ஐ.வி. போயிருந்தா, அந்தக் கட்டத்துல 'ஐ.வி.'ன்னு எழுதிட்டு அடுத்த கிளாஸுக்குப் போயிடுவார். நோட்டு சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் மேஜைக்கு வந்துடும்.

திருத்தம் ஒரே ஒரு வரிதான். பாயின்ட்டரை அழிக்கிற இடத்துலயும் கவுன்ட்டரைக் குறைக்கணும், அவ்வளவுதான். மார்க்? 50-க்கு 31. ஆனா, இப்போ எந்த ப்ரோக்ராம் எழுதினாலும் கடைசியா ஒரு டெஸ்ட் போடுறேன். எல்லாத்தையும் நிறுத்திட்டு, எடுத்ததெல்லாம் திரும்பி வந்துடுச்சான்னு எண்ணிப் பார்க்குறேன். அனுப்பி முடிச்சவங்க, லிமிட்ல மாட்டினவங்க, கேபிள் புடுங்கினவங்க... யார் எந்த வழியில வெளியே போனாலும் கணக்கு முடிஞ்சிருக்கணும்.

நீங்களும் டெமோவுக்கு முதல் நாள் எண்ணிப் பாருங்க. சார் எண்ணச் சொல்றதுக்கு முன்னாடி!

சரி மக்களே, அடுத்த வாரம் பார்ப்போம். எங்களுக்கு ரெண்டாவது ரிவ்யூ இருக்கு... வேண்டிக்கோங்க!