டவருக்குக் காத்திருக்கும் ஊர்கள்

போஸ்ட் கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

"ஸ்டார்லிங்க்கும் வந்துட்டுதே சேர், இன்னும் என்ன சிக்னல் பிரச்சினை?" என்று கேட்கிறார்கள். வரக்காப்பொல டவுனில், கண்டி ரோட்டோரம் இருந்துகொண்டு கேட்பது லேசு. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் லயத்தில் இருந்து இறப்பர் பால் வெட்டும் ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். டவர் கண்ணுக்குத் தெரிந்தாலும் ரீலோட் போடக் காசு வேண்டும். வீட்டில் ஒரே போன், படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். ஸ்டார்லிங்க் மாதக் கட்டணம் அவருடைய எத்தனை நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுவிட்டு வந்து கமெண்ட் பண்ணுங்கள்.

2021இல் பதுளை மாவட்டம் போஹிட்டியாவ பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காகக் காட்டு வழியே மலையுச்சிக்கு ஏறினார்கள். படத்தை உலகமே பார்த்தது. நாமும் ஷெயார் பண்ணினோம், அத்தோடு சரி.

வழி இல்லாமல் இல்லை. வில்பத்துக் காட்டோரத்து மஹாவிலச்சியவில், 1998இல் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் ஹொரைஸன் லங்காவை ஆரம்பித்தார். 2006இல் அந்தக் கிராமத்து வீடுகளுக்கு வயர்லெஸ் மெஷ் போட்டார்கள். ஊருக்கு ஒரு இணைப்பு, கூரைகளில் அன்டெனா, ஒரு வீடு வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். வெளியுதவியும் இருந்தது. ஆனால் தொடக்கி வைத்தவர் ஒரு வாத்தியார். (ஸ்டாப் ரூமில் சம்பளக் கதை மட்டும் பேசும் நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011இல் தொடங்கிய 'பார்ன்' என்ற ஊர்ச் சங்கத்தைப் பாருங்கள். விவசாயிகள் தங்கள் காணிக்குள்ளால் பைபர் கேபிள் போக இலவசமாக இடம் விட்டார்கள், ஊர்மக்களே கான் வெட்டினார்கள். சிரமதானம் நமக்குப் புதிதா? கிணறு தோண்ட, பள்ளி ஸ்பீக்கர் மாற்ற ஒரு ஜும்ஆவில் சந்தா சேர்க்கிறோமே! மேட்டில் இருக்கும் பள்ளியோ, கோவிலோ, பன்சலையோ, எந்தக் கூரையும் அன்டெனாவுக்கு நல்ல இடம்தான்.

தடை சட்டத்தில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி உரிமப்பத்திரம் இல்லாமல் வலையமைப்பு நடத்த முடியாது. சரி, கட்டுப்பாடு இருக்கட்டும். ஆனால் இலாபம் பார்க்காத ஊர்ச் சங்கங்களுக்கென்று இலகுவான, செலவு குறைந்த உரிமமொன்றை ஆணைக்குழு கொடுக்கலாமே?

"பழுதானால் யார் பார்ப்பது?" நியாயமான கேள்விதான், ஆர்வத்தில் தொடங்கி யாரும் கவனிக்காமல் விட்டால் ஒரு இடி மின்னலோடு எல்லாம் போய்விடும். ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் பொடியன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் பழக்கிக் கொடுத்து, சந்தாவில் இருந்து கைச்செலவும் கொடுக்க வேண்டும்.

பிரதேச சபை உறுப்பினர்மார் சிலர் என் ப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறீர்கள். அந்த உரிமத்தைக் கேட்டு ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுத உங்களுக்கு என்ன தடை?